புளோயர் நிற்கும் வரை

தச்சநல்லூர்,
18.8.96

அன்புள்ள ஆவுடைத்தாய்க்கு,

நாறும்பூநாதன் எழுதுவது. நிச்சயதார்த்தம் முடிந்து ஊர் திரும்பியதும் கடிதம் போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். எழுதி எழுதிக் கிழித்ததில் வாரம் ஓடிவிட்டது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுகிறேன்.

அன்றைக்குப் பந்தியில் உன் அப்பா என்னிடம் கேட்டார்கள். "தியேட்டர்ல ஏ.சி. ஆபரேட்டர்னா என்ன மாப்ளே வேலை? சுவிட்சப் போட்டுட்டு ஓசியில படம் பாக்குததுதான?" பந்தியே சிரித்தது. கதவுக்குப் பின்னால் நீயும் சிரித்தாய், நான் பார்த்தேன். அதனால் முதல் கடிதத்திலேயே என் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

திரைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் பீரோ போல ஒரு பெரிய பெட்டி. பெட்டிக்குள் புளோயர் என்று ஒரு காற்றுச் சக்கரம். குளிர்ந்த காற்றை ஜனங்கள் மேல் தள்ளிவிடுவது அதுதான். பக்கத்தில் மோட்டார். பெல்ட் மாட்டுகிற சக்கரத்துக்குப் புல்லி என்று பேர். மோட்டார் புல்லியிலிருந்து புளோயர் புல்லிக்கு ரப்பர் பெல்ட் இரண்டு ஓடுகிறது. என் பிழைப்பு அந்த இரண்டு பெல்ட்டில்தான் ஓடுகிறது. தளர்ந்தால் வழுக்கும், ஸ்டார்ட் பண்ணும்போது கீச்சென்று கத்தும், காற்று குறையும், ஜனங்கள் விசிலடிப்பார்கள். ரொம்ப இறுக்கினால் பேரிங் சூடாகி ஒருநாள் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்க வேண்டும், அதுதான் பதம். சரியில்லையென்றால் மோட்டார் போல்ட்டை இளக்கி, பைய நகர்த்தி, ஒரு நூலைப் பிடித்து இரண்டு புல்லியும் நேரே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முடுக்க வேண்டும். சில பேர் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பி பெல்ட்டை மாட்டுவார்கள். அது பெல்ட்டுக்குள் இருக்கிற நூலை அறுத்துவிடும். நான் செய்ய மாட்டேன்.

இன்னொன்று. சுவிட்சை அணைத்தாலும் புளோயர் உடனே நிற்காது. கனத்த சக்கரம், தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். முழுசாக நிற்கும் வரை நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். எங்கள் புரொஜக்டர் ஆபரேட்டர் யூனிஸ் அதைப் பார்த்துக் கேலி செய்வான். "என்னடே, வாத்தியார் எழுப்பி நிறுத்துன மாதிரி நிக்கியே." நிற்கட்டும், கை முக்கியமில்லையா.

பதில் எழுது.

அன்புடன்,
நாறும்பூநாதன்


திசையன்விளை,
25.8.96

அன்புள்ள அத்தானுக்கு,

ஆவுடை எழுதுவது. உங்கள் கடிதத்தை எனக்கு முன்னால் அம்மாவும் சித்தியும் தம்பி கணேஷ்ராமும் படித்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் கேலி செய்ய ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. "இது மாப்பிள்ள கடுதாசியாளா, மிஷினோட சேத்துக் குடுக்குத பொஸ்தகமா?" என்று சித்தி கேட்கிறாள். நான் எங்கே போய் முட்டிக்கொள்ள. அன்றைக்கு நான் கட்டியிருந்த சேலை என்ன நிறம் என்று உங்களுக்குத் தெரியுமா? பெல்ட் கறுப்பு என்பது மட்டும் தெரியும்.

ஆனால் ஒன்று, எனக்கும் பெல்ட் தெரியும். என் தையல் மிஷினுக்குத் தோல் பெல்ட். தளர்ந்துவிட்டதென்று ஒரு துண்டை நறுக்கிவிட்டு, கம்பியைப் போட்டு இறுக்கியிருந்தேன். மிதித்து மிதித்துக் கால் கடுத்ததுதான் மிச்சம். உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். அசையவே இல்லை. புதுசு வாங்கி, நீங்கள் சொன்ன பதத்தில் மாட்டினேன். இப்போது மிஷின் ஓடுவதே தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னேன். கருப்பட்டிச் சிப்பம் கட்டிக்கொண்டே, "அப்ப வேலை தெரிஞ்ச பயதான்" என்றார். அதை உங்களுக்கு எழுதச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

நிற்கும் வரை கைகட்டி நிற்பீர்கள் என்று எழுதியதுதான் எனக்குப் பிடித்தது. எப்போதும் அப்படியே நில்லுங்கள்.

அன்புடன்,
ஆவுடை


தச்சநல்லூர்,
29.9.96

அன்புள்ள ஆவுடைக்கு,

மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. இடது தோளில் ஜரிகை நூல் ஒன்று பிரிந்து தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் உன் அப்பாவுக்கு அன்றே பதில் சொல்லத் தோன்றவில்லை. இதைச் சித்திக்கு வாசித்துக் காட்டு.

ஆயுத பூஜைக்கு இங்கே இப்போதே அமளி. மிஷின் எல்லாவற்றையும் கழுவி, பெயிண்ட் அடிக்க வேண்டுமாம். பெல்ட் மேலே போடுகிற வலைமூடிக்குக்கூடப் பச்சை வாங்கியாயிற்று. உன் அப்பாவின் கருப்பட்டிக் கடைபோல எங்களுக்கு அன்றைக்கு விடுமுறை கிடையாது, பூஜை முடிந்த கையோடு மேட்னி. புது பெல்ட் ஜோடியும் வந்துவிட்டது. ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று போட்டால் புதுசே எல்லா பாரத்தையும் இழுத்துச் சீக்கிரம் போய்விடும், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் பிடிவாதமாக நின்று வாங்கினேன். யூனிஸ் சொல்கிறான், "கல்யாணம் நிச்சயமானவன் ஜோடி ஜோடின்னுதான் பேசுவான்" என்று.

தை மாதம் எப்போது வரும் என்று இருக்கிறது.

அன்புடன்,
நாறும்பூ


திசையன்விளை,
17.10.96

அன்புள்ள அத்தானுக்கு,

சித்தி வாயை மூடிவிட்டாள். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

ஆயுத பூஜையன்று காலை முதல் பஸ்ஸில் கணேஷ்ராம் அங்கே வருவான். அவனிடம் ஒரு மாலை கொடுத்து அனுப்புகிறேன். பிச்சியும் மரிக்கொழுந்தும் கோழிக்கொண்டையும் வைத்து, அவிழாதபடி வாழைநாரில் இரட்டை முடிச்சுப் போட்டு நானே கட்டுவேன். இங்கே என் தையல் மிஷினுக்கு ஒன்று, அங்கே உங்கள் மிஷினுக்கு ஒன்று. சுவரில் ஆணியில் மாட்டி ஏமாற்றக் கூடாது. அந்தப் பெரிய புல்லிக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். வாடும் வரை கழற்றவும் கூடாது. போட்டீர்களா என்று தம்பி பார்த்துவிட்டு வந்து சொல்வான். அவனுக்கு ஒரு படம் காட்டி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆவுடை


திருநெல்வேலி,
24.10.96

அன்புள்ள ஆவுடைத்தாய்க்கு,

நலம். ஆயுத பூஜை முடிந்தது. மாலை மிகவும் நன்றாக இருந்தது. என் கையில் சிறிய காயம். எழுத முடியாததால் நான் சொல்ல, யூனிஸ் எழுதுகிறான். கவலைப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் அனைவருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
நாறும்பூநாதன்

தங்கச்சி, நான் யூனிஸ். மேலே இருப்பது அவன் சொல்லி எழுதியது. இதை அவனுக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிறிய காயம் இல்லை அம்மா. பூஜையன்று மேட்னி தொடங்கும் நேரத்தில் வலது கை பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நடுவில் உள்ள மூன்றும் இல்லை. புரொஜக்டரை உதவிப் பையனிடம் விட்டுவிட்டு நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். விரல்களையும் ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுபோனேன். டாக்டர் பார்த்துவிட்டு, பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட்டார். உங்களுக்கு யாராவது ஒருவர் நிஜத்தைச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது.


திசையன்விளை,
27.10.96

அத்தான்,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மேலே சிறிய காயம் என்று இருக்கிறது. கீழே மூன்று விரல் என்று இருக்கிறது. ஒரே தாள், ஒரே கையெழுத்து. திரும்பத் திரும்ப வாசித்தேன். நான்தான் தப்பாக வாசிக்கிறேன் என்று நினைத்து அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவளும் அதையேதான் வாசித்தாள்.

கடிதம் வந்தபோது ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் இறுகப் பிடித்துக்கொண்டே நின்றேனாம். அம்மாதான் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கினாளாம். எனக்கு எதுவும் நினைவில் இல்லை.

கணேஷ்ராமைக் கூப்பிட்டு, நீ அங்கேதானே இருந்தாய், என்ன பார்த்தாய் என்று கேட்டேன். அவன் முகம் வெளிறிவிட்டது. "நான் உள்ள படம் பாத்துக்கிட்டு இருந்தேங்க்கா. ஏ.சி. நின்னுட்டு. எல்லாரும் கத்துனாங்க. நானும் விசிலடிச்சேன். படம் முடிஞ்சதும் நேரா பஸ் ஏறிட்டேன்." இதைச் சொல்லிவிட்டுக் கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். திரைக்கு அந்தப் பக்கம் நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறீர்கள். இந்தப் பக்கம் என் தம்பி விசிலடித்திருக்கிறான். ஊருக்கு வந்து அந்தப் படத்தின் கதையை வேறு என்னிடம் சொன்னான், நானும் சிரித்துக்கொண்டு கேட்டேன்.

நேற்று அப்பா அம்மாவிடம், "தாலி கட்டுத கையில விரல் இல்லாம நாளைக்கு எம் மவ என்ன செய்வா? அந்த வேலையும் போச்சுன்னா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. உங்களைப் பார்க்க வருவதாக இருக்கிறார். எதற்கு என்று உங்களுக்கே தெரியும். அவர் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிவிடாதீர்கள்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். முழுசாக நிற்கும் வரை கைகட்டி நிற்பேன் என்று எழுதியது நீங்கள். பிறகு எப்படி அந்தக் கை உள்ளே போனது?

ஆவுடை


தச்சநல்லூர்,
12.11.96

ஆவுடைக்கு,

இடது கை எழுத்து. பொறுத்துக்கொள்.

உன் அப்பா வந்தார்கள். ஆப்பிள் வாங்கி வந்தார்கள். பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டார்கள். நான் சரி என்றேன். அவர்கள் அழுதுவிட்டார்கள். நல்ல மனிதர். அவர்கள் மேல் கோபப்படாதே.

எப்படி என்று கேட்டாய். கவனக்குறைவு. வேறு ஒன்றும் இல்லை.

பெல்ட்டுக்குப் புது ஆள் வந்திருக்கிறான். எனக்கு வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை தருவதாக முதலாளி சொல்கிறார். பார்ப்போம்.

நீ நன்றாக இருக்க வேண்டும். இனி எழுத வேண்டாம்.

நாறும்பூநாதன்


திசையன்விளை,
25.11.96

அன்புள்ள அத்தானுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நேற்று முன்தினம் நான் திருநெல்வேலிக்கு வந்தேன். டவுனில் சேலைக்கு ஃபால்ஸ் துணி வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு கணேஷ்ராமைக் கூட்டிக்கொண்டு நேரே தியேட்டருக்குப் போனேன். யூனிஸ் அண்ணனைத் தேடிப் பிடித்து, அந்த அறையைக் காட்டுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். நான் நகரவில்லை. பிறகு சாவியை எடுத்து வந்தார்.

அறை சின்னதாக இருந்தது. உங்கள் கடிதத்தில் பெரிதாகத் தெரிந்தது. பெல்ட் மேலே பச்சை வலைமூடி மாட்டியிருந்தது. அதைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றினார். பெரிய புல்லிக்குப் பின்னால், சுற்றுகிற தண்டில், என்னவோ சணல் மாதிரி இறுகிக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். வாழைநார். அதில் ஒரு கொத்து மரிக்கொழுந்து, காய்ந்து கறுத்துப்போய். பக்கத்தில் இரட்டை முடிச்சு. என் முடிச்சு எனக்குத் தெரியாதா அத்தான்.

இது எப்படி இங்கே வந்தது என்று யூனிஸ் அண்ணனிடம் கேட்டேன்.

அதற்கு மேல் அவரால் மறைக்க முடியவில்லை. மூடிக்கு அடித்த பெயிண்ட் காயாமல் வெளியே வெயிலில் கிடந்ததாம். மேட்னிக்கு நேரமாகிவிட்டதென்று முதலாளி அவசரப்படுத்த, மூடி இல்லாமலே மிஷினை ஓட விட்டீர்களாம். நான் சொன்ன இடத்தில் நான் சொன்னபடியே மாலை கிடந்ததாம். காற்றில் அதன் நுனி பெல்ட்டில் விழுந்து இழுபட்டிருக்கிறது. நீங்கள் சுவிட்சை அணைத்தீர்கள். ஆனால் புளோயர் நிற்கவில்லை. "அய்யோ, அவ கட்டுனது" என்று சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டீர்களாம்.

ஒரு மாலைக்கா அத்தான்? சந்தையில் கூடை கூடையாகக் கிடக்கிற பூ. நான் மறுநாளே இன்னொன்று கட்டித் தந்திருப்பேனே. புல்லிக்குப் பக்கத்தில் போடுங்கள், வாடும் வரை கழற்றாதீர்கள் என்று எழுதியதும் இந்தக் கைதான். அதை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இதை ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்றும் யூனிஸ் அண்ணன் சொல்லிவிட்டார். மாலையால் வந்தது என்று தெரிந்தால் என்னை ராசியில்லாதவள் என்று ஊர் பேசும், அத்தையே பேசுவார்கள், நாளைக்கு வேறு இடத்திலும் என்னை யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று அவரிடம் சத்தியம் வாங்கினீர்களாமே. அதற்காகத்தான் அப்பா கேட்டதும் சரி என்றீர்களா? என் பேர் கெடாமல் என்னை வேறு ஒருவனுக்குக் கட்டிக் கொடுக்கப் பார்த்தீர்களா? இதைக் கேட்டதும் எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

அதே கோபத்தில் தச்சநல்லூருக்கு வந்தேன். நீங்கள் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீர்கள். நல்லதாயிற்று. அத்தை புளி கரைத்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என் மாலைதான், என் முடிச்சுதான், இன்னும் அந்தத் தண்டில் கிடக்கிறது என்று சொன்னேன். அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே போடி என்று சொல்வார்கள் என்று காத்து நின்றேன். எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இந்தக் கையாட்டி கட்டிச்சு?" என்றார்கள். ஆமா என்றேன். "நல்லாத்தான் கட்டியிருக்க. இன்னும் அவுரலையே" என்றார்கள். போகும்போது சோறு போட்டார்கள். சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொன்னேன். இப்படி ஒரு அடி விழுந்த மாதிரி அவரை நான் பார்த்ததில்லை. சட்டையைக் கழற்றக்கூட மறந்து அதே இடத்தில் இருந்தார். இன்று காலையில், "ஏட்டி, அவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்று மட்டும் சொன்னார். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்தார். கல்யாணத்துக்கு வருவாராம், ஆனால் நீங்கள் தாலி கட்டும்போது அந்தப் பக்கம் பார்க்க மாட்டாராம், தாங்காதாம். பார்க்காமல் இருக்கட்டும்.

பாவம் பார்த்து வருகிறேன் என்று நினைத்தால் அது தப்பு. உங்களைத் திட்டுவதற்கு நிறைய இருக்கிறது, அதற்கு ஒரு கடிதம் போதாது.

அந்த அறையை விட்டு வரும்போது பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். ஒரு அங்குலத்துக்கு மேலேயே இறங்கியது. உங்கள் புது ஆள் மாட்டியதோடு விட்டுவிட்டான், ஓடித் தளர்ந்தபிறகு முடுக்கவே இல்லை. ஸ்டார்ட் செய்தபோது கீச்சென்று கத்தியதையும் வெளியே நின்று கேட்டேன். வாசலில் டிக்கெட் கிழிக்க வேண்டாம். உங்களுக்குக் கட்டைவிரல் இருக்கிறது. போய்ச் சரி பண்ணுங்கள்.

இதோடு ஒரு முழம் மஞ்சள் கயிறு வைத்திருக்கிறேன். நாற்காலிக் காலில் கட்டிப் பழகுங்கள். நீங்கள் ஒரு முடிச்சுப் போட்டால் போதும். மற்ற இரண்டையும் உங்கள் அக்கா போடுவார்கள், அதுதானே நம் வழக்கம்.

ஆவுடை


தச்சநல்லூர்,
8.12.96

அன்புள்ள ஆவுடைக்கு,

நீ வந்துபோனது உன் கடிதம் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். திகைத்துப்போய் அம்மாவிடம் கேட்டேன். "ஆமா, வந்தா. மருமவ வந்து போறதெல்லாம் ஒங்கிட்ட சொல்லணுமாக்கும்" என்றாள். கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. உன்னிடம் மறைக்க என்னவெல்லாமோ செய்தேன். நீ அந்த அறைக்கே போவாய் என்று நினைக்கவில்லை.

முதலாளியிடம் பேசினேன். புதன்கிழமை பெல்ட்டைச் சரி பண்ணினேன். ஸ்பேனரை இடது கையில் பிடிக்கப் பழக வேண்டியிருக்கிறது. நீ சொன்னது சரிதான், ரொம்பத் தளர்ச்சி. நாரையும் வெட்டி எடுத்துவிட்டேன், பேரிங்குக்கு ஆகாது. தொடங்குவதற்கு முன்னால் சுவிட்சை அணைத்துவிட்டு, புளோயர் நிற்கும் வரை கைகட்டி நின்றேன். வேர்த்துக் கொட்டியது. யூனிஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கேலி செய்யவில்லை.

கயிறு. இரண்டு நாள் நழுவிக்கொண்டே இருந்தது. சுண்டுவிரல் சொன்னபடி கேட்க மாட்டேன் என்கிறது. நேற்று ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. இப்போது அதை அவிழ்க்கத்தான் தெரியவில்லை. அம்மா அறுத்துவிடுகிறேன் என்று அரிவாள்மணையோடு வந்தாள். நான் விடவில்லை. நாற்காலிக் காலிலேயே கிடக்கிறது. தையில் நீ வந்து அவிழ்த்துக்கொள்.

அன்புடன்,
நாறும்பூ